மேற்கே ஒரு விரற்கடை

தோப்புத்துறையில் அப்போது
டிவி இருந்த வீடுகள் மூன்று.
மூன்றிலும் ஏணி ஏறியவன் நான்.
பகலில் உப்பளத்தில் பலகை இழுப்பு,
பொழுது சாய்ந்தால் மரைக்காயர் மாடியில்
குழாயைப் பிடித்தபடி நிற்பேன்.
இரண்டு ரூபாயும் ஒரு டம்ளர் டீயும்.
படம் பார்த்ததில்லை.

மெட்ராஸ் எங்களுக்கு எட்டாது.
வடக்கே எத்தனை முழம் தூக்கினாலும்
அரிசி களைகிற சத்தம்தான்.
கடலைத் தாண்டி வந்தது ரூபவாஹினி,
பாஸ்போர்ட் இல்லாமல்,
சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்டாமல்.

சோழகம் அடித்தால் கம்பிகள் நடுங்கும்.
கீழே செய்தி வாசிப்பவளுக்கு
மூன்று மூக்கு முளைக்கும்.
கடல் எண்ணெயாய்க் கிடக்கிற நாளிலோ
எதிர்வீட்டு ஜன்னல்போலத் தெளியும்.
அதனால் எங்கள் ஊரில்
புழுங்கினால் சந்தோஷம்.

"பக்கிரிசாமி, போச்சு!"
"வந்துச்சு, வந்துச்சு, அசையாதே!"
"ஐயோ, பழையபடி வையேன்!"
பழையபடி என்பது
எந்தத் திசையில் இருக்கிறது என்று
கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

நிகழ்ச்சியெல்லாம் எனக்குக் காதால்தான்.
முதலில் மத்தளம்.
பிறகு பொம்மைப் படம்:
எதுவோ எதன் மேலிருந்தோ விழும்,
பிள்ளைகள் உருளுவார்கள்.
சிங்களச் செய்தி. யாருக்கும் புரியாது,
யாரும் இருமக்கூட மாட்டார்கள்.
குஸ்தி வந்தால் அலாவுதீன் மரைக்காயர்
பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
"கழுத்தைப் பிடிடா" என்பார்.
வெள்ளைக்காரத் தொடரில்
பெண்கள் தாங்களே கதை கட்டுவார்கள்.
"தங்கச்சி இல்லடி அவ, சக்களத்தி."
மறுவாரம் சக்களத்தி மாமியாராகிவிடுவாள்.
நடுவே பத்து நிமிஷம் தமிழ்.
பத்தே நிமிஷம்.

எனக்கு மேலே ஒரே நிகழ்ச்சி:
கோடியக்கரை விளக்கு
வரும், போகும், வரும்.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும்.
காற்றே இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது.
சொல்லாமலே தெரியும், படம் கண்ணாடி.
வாசல் முழுக்கச் செருப்பு,
பள்ளிவாசல் தெருவே வந்திருந்தது.
ஒரு குரலும் மேலே வரவில்லை.
படம் போய்விட்டதாக்கும் என்று
குழாயைத் தொட்டேன்.
"தொடாதேடா!" மரைக்காயர்.
குஸ்திக் குரல் இல்லை அது.

தமிழ்ச் செய்தி வந்தது.
நிலைமை கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறதாம்.
ஊரடங்கு மணிக்கணக்கு இன்னதாம்.
முடிந்தது.
அடுத்து ஒரு நடனம், சலங்கை சத்தம்.
அதற்கடுத்து சமையல்,
எண்ணெயில் எதையோ போட்டாள் ஒருத்தி,
அது பொரிவது மாடிக்குக் கேட்டது.
பற்பொடி விளம்பரம்.
யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் மூன்றாம் வீட்டு ஜொகரா
முற்றத்துக்கு வந்து அண்ணாந்தாள்.
முக்காடு நழுவியதைக் கவனிக்கவில்லை.
புருஷன் உதுமான்கனிக்குப் புறக்கோட்டையில் ஜவுளிக்கடை,
கடிதம் வந்து பதினெட்டு நாள்.
என் பெயரை அவள் சொல்லிக் கேட்டதில்லை அதுவரை.

"பக்கிரிசாமி,
கொஞ்சம் புறக்கோட்டைப் பக்கமாத் திருப்பேன்."

என்ன சொல்வது.
ஆன்டெனா எட்டிப் பார்க்காது,
அங்கிருந்து அனுப்புகிறதை வாங்கும், அவ்வளவுதான் என்று
வேதாரண்யம் ரேடியோ மெக்கானிக்
எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார்.
படம் கிளம்புவது ஏதோ மலை உச்சியிலிருந்து,
கொழும்பு அதற்கு மேற்கே என்றும்.

திருப்பினேன்.
மேற்கே, ஒரு விரற்கடை.

கீழே அரிசி களையத் தொடங்கியது.
பாதிப் படம் உதிர்ந்திருக்கும்.
அந்த ஒரு இரவு
போச்சு என்று யாரும் கத்தவில்லை.

குழாய் வேர்த்திருந்ததா என் கையா, தெரியாது.
கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து
அவள் மகன் நைனாவிடம் கேட்டேன்,
"ஏதாவது தெரியுதாடா?"

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.
"புள்ளி புள்ளியா இருக்கு.
உம்மா பாத்துக்கிட்டிருக்கா."